விஸ்கி தேடி இரு நண்பர்கள்: ஸ்பேசைடா, ஐலாவா, அயர்லாந்தா, ஜப்பானா?

பாளையங்கோட்டை, தென்காசி, கோவில்பட்டி என்று பல ஊர்களிலிருந்தும் ஏறக்குறைய ஒரே கேள்வி எனக்கு வந்துகொண்டிருக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டார்கள். வீட்டுக் கடன் தீர்ந்துவிட்டது, அல்லது தீரப்போகிறது. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனோடு ஒரு முறையாவது வெளிநாடு போய், கார் எடுத்துக்கொண்டு விஸ்கி வடிக்கும் ஊர்களைச் சுற்றி, அதை அது பிறந்த இடத்திலேயே சுவைத்துவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். எங்கே போவது என்பதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நானும் என் நண்பனும் இரண்டு முறை ஸ்காட்லாந்து போயிருக்கிறோம். முதல் முறை காரில் ஸ்பேசைடு. நான்கு ஆண்டு கழித்து, கார் இல்லாமல் ஐலா தீவு; அந்தப் பயணத்தின் கடைசி மூன்று நாள் வட அயர்லாந்து. ஜப்பானுக்கு நான் தனியாகப் போனேன், அங்கே வேலை பார்த்த மகனைப் பார்க்க. இந்த நான்கையும்தான் இங்கே ஒப்பிடுகிறேன். அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்க்கவில்லை. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்க இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு விடுமுறையில் அந்தப் பாடம் வேண்டாம் என்பது என் கருத்து. மற்ற நான்கும் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் இடங்கள்.

நம் பக்கத்தில் மது எத்தனை குடும்பங்களைச் சாய்த்திருக்கிறது என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். குடியை நிறுத்த முடியாமல் தவிப்பவர்களும் கல்லீரல் கெட்டவர்களும் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம். நாள் முழுவதற்கும் நான்கைந்து சிறு கோப்பை போதும், அதையும் மெதுவாக, முகர்ந்து, பேசிக்கொண்டு குடிப்போம் என்பவர்களுக்கு மட்டும் மேலே சொல்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

எந்த நாட்டு விஸ்கி உயர்ந்தது என்று தொடங்கினால் முடிவுக்கே வர முடியாது. நாங்களும் முதல் முறை அப்படித்தான் தொடங்கினோம். இப்போது நான் பார்ப்பது ஐந்தை.

முதலாவது, வண்டியை யார் ஓட்டுவது? இது மற்ற நான்கையும்விடப் பெரியது. இரத்தத்தில் 100 மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கலாம் என்பது நம் நாட்டில் 30. ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 50. இங்கிலாந்தில் 80 என்று எங்கோ படித்துவிட்டு அதை ஸ்காட்லாந்துக்குப் பொருத்திவிடாதீர்கள். அயர்லாந்துக் குடியரசிலும் 50தான். ஜப்பானில் ஏறக்குறைய நம் அளவே. ஆனால் அங்கே குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே ஏறியவரும் குற்றவாளி.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவைப்பதற்குத் தரும் கோப்பையில் 15 மில்லி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கோப்பை, 75 மில்லி. 46 சதவீத விஸ்கி என்றால் உள்ளே போவது 34.5 மில்லி தூய ஆல்கஹால். பிரிட்டனில் 10 மில்லியை ஒரு யூனிட் என்கிறார்கள். ஒரு யூனிட்டைக் கரைக்க உடலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். ஆக, ஒரே ஒரு வடிசாலை மூன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. பிற்பகல் இன்னொன்றுக்குப் போனால் அன்று ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. எந்த நாட்டில் எந்த எண் இருந்தாலும் என் விதி ஒன்றுதான்: ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடக் கூடாது.

இரண்டாவது, விசாவும் நாட்களும். மூன்றாவது, வெளியே தெரியாத செலவு. நான்காவது, உடம்பும் வயிறும்: சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால், சைவச் சாப்பாடு. ஐந்தாவது, பேசுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? முப்பது ஆண்டு மும்பையில் இருந்துவிட்ட நண்பனோடு போகிறவனுக்கு இந்த ஐந்தாவதற்காகத்தான் பயணமே.

## ஸ்பேசைடு, காரில்

ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் ஸ்பே ஆற்றை ஒட்டிய பகுதி இது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வடிசாலைகள் இருக்கின்றன. நாட்டின் மொத்தத்தில் இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. டஃப்டவுன் என்ற சிற்றூரில் ஒரு சொலவடை உண்டு: ரோம் ஏழு குன்றுகளின் மேல் நிற்கிறது, டஃப்டவுன் ஏழு வடிகலங்களின் மேல் நிற்கிறது. அந்த ஊரில்தான் கிளென்ஃபிடிக் இருக்கிறது. 1887 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே முதல் சாராயம் வடிந்தது. கொஞ்சம் தள்ளி மலைப்பக்கம் கிளென்லிவெட். கள்ளச் சாராயம் வடிப்பவர்கள் நிறைந்திருந்த அந்தப் பள்ளத்தாக்கில், உரிமத்தோடு வடிப்பதை எளிதாக்கிய 1823 சட்டம் வந்த மறு ஆண்டே ஜார்ஜ் ஸ்மித் துணிந்து உரிமம் வாங்கினார். கிரெய்கெல்லாக்கியில் பீப்பாய் செய்யும் பட்டறை ஒன்றைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆணியும் பசையும் இல்லாமல் பலகைகளை இரும்பு வளையத்துக்குள் கட்டி நிறுத்தும் அந்தக் கைகளை மேலிருந்து பார்த்துக்கொண்டு நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். முழுப் பயணத்திலும் இருவரும் சேர்ந்து ஒன்றையே முழுமையாகப் பார்த்தது அங்கேதான்.

இந்தப் பகுதி விஸ்கி இளகிய சுபாவம் உடையது: தேன், ஆப்பிள், ஷெர்ரி என்ற ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்தது என்றால் உலர்திராட்சை. புதிதாகச் சுவைக்கத் தொடங்கும் நாக்குக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

எங்கள் தவறு என்னவென்றால், ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டுவது என்று முடிவு செய்ததுதான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முதல் நாள் நான் சுவைத்தேன், அவன் ஓட்டினான். மறுநாள் மாறிக்கொண்டோம். ஓட்டுகிறவரின் பங்கைச் சிறு குப்பிகளில் ஊற்றித் தரும் வழக்கம் அங்கே பல வடிசாலைகளில் இருக்கிறது. இரவு விடுதியில் அந்தக் குப்பிகளைத் திறந்தோம். ஆனால் காலையில் அந்தப் பீப்பாய்க் கிடங்கின் குளிரில், வழிகாட்டும் பெண்மணி அதன் கதையைச் சொல்லும்போது நான் முகர்ந்த அதே மணம் இரவு அவனுக்கு வரவில்லை. ஆறு நாள் முடிவில் நான் அறிந்த மூன்று வடிசாலைகள் வேறு, அவன் அறிந்த மூன்று வேறு. சாலையில் பேச்சும் பாதிதான். ஓட்டுகிறவன் வளைவுகளையும் வேக வரம்பையும் கவனித்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவன் விஸ்கியின் இதத்தில் கண் செருகிப்போவான். ஊருக்குத் திரும்பிய பிறகுதான், ஒரே காரில் இரண்டு தனிப் பயணங்கள் போய்வந்திருக்கிறோம் என்பது எங்களுக்கு உறைத்தது.

மறைந்த செலவுகளும் காரைச் சுற்றித்தான் நிற்கின்றன. இணையத்தில் காட்டும் வாடகை ஒன்று; விபத்து நேர்ந்தால் நாம் கட்ட வேண்டிய தொகையைக் குறைக்கக் கவுண்டரில் கேட்கும் கூடுதல் காப்பீடு இன்னொன்று. கியர் மாற்றாத ஆட்டோமேட்டிக் வண்டி விலை அதிகம், கிடைப்பதும் குறைவு. திரும்பக் கொடுக்கும்போது சக்கர விளிம்பில் இருந்த ஒரு கீறலுக்கு எங்களிடம் பணம் பிடித்தார்கள். எடுக்கும்போதே அது இருந்தது என்று நிரூபிக்க எங்களிடம் படம் இல்லை. வண்டியை வாங்கியதும் நான்கு பக்கமும் சக்கரமும் தெரியப் படம் எடுத்துவிடுங்கள். நம் ஓட்டுநர் உரிமத்தை வைத்தே பிரிட்டனில் 12 மாதம் வரை ஓட்டலாம் என்பது ஒரு வசதி.

ஸ்பேசைடை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஓட்டுவதை விரும்புகிற, மதுவைத் தொடாத மூன்றாவது ஆள் உங்களோடு வருகிறாரா? நான்கு பேராகச் சேர்ந்து ஒரு நாளைக்கு உள்ளூர் ஓட்டுநரோடு வண்டி அமர்த்த முடியுமா? அப்படியானால் இதுவே முதலிடம். இருவர் மட்டும் என்றால் காரை விட்டுவிட்டு டஃப்டவுனிலோ அபர்லவரிலோ தங்கிவிடுங்கள். எல்கினிலிருந்து அந்த ஊர்களுக்குப் பஸ் வருகிறது. பழைய ரயில் பாதை நடைபாதையாகி ஊர்களை இணைக்கிறது. அபர்லவரிலிருந்து கிரெய்கெல்லாக்கிக்கு ஆற்றோரமாக மூன்று கிலோமீட்டர் அளவுதான் நடை. கீத் ஊரில் ரயிலை விட்டு இறங்கினால் 1786இல் தொடங்கிய ஸ்ட்ராத்ஐலா நடக்கும் தூரம். தொலைவில் இருக்கும் கிளென்லிவெட் போன்றவை மட்டும் கைவிட்டுப் போகும்.

## ஐலா, கால்நடையாக

ஸ்காட்லாந்தின் மேற்கில், அட்லாண்டிக் அலை அடிக்கும் தீவு ஐலா. கிளாஸ்கோவிலிருந்து கேம்பெல்டவுன் போகும் பஸ், லோமண்ட் ஏரியை ஒட்டி ஏறி இறங்கி, மூன்றரை மணி நேரத்தில் கென்னக்ரெய்க் படகுத்துறையில் விடுகிறது. அங்கிருந்து கப்பலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். போர்ட் எலன் துறைக்குள் நுழையும்போதே கரையில் வெள்ளைச் சுவர்களில் கறுப்பு எழுத்தில் வடிசாலைகளின் பெயர்கள் வரிசையாகத் தெரியும். கப்பல் மேல்தட்டில் குளிர் காதைக் கிழித்தது. நண்பன் உள்ளே போக மறுத்துவிட்டான்.

எங்கள் சிக்கலை இந்தத் தீவு ஒரே ஒரு நடைபாதையால் தீர்த்தது. போர்ட் எலனிலிருந்து சாலையை ஒட்டி, வண்டிகள் வராத தனிப் பாதை ஒன்று லஃப்ராய்க், லாகவுலின், ஆர்ட்பெக் என மூன்று வடிசாலைகளுக்கும் போகிறது. மொத்தம் ஐந்து கிலோமீட்டர் அளவு. முதலாவதும் மூன்றாவதும் 1815இல் தொடங்கியவை, நடுவிலுள்ளது 1816இல். காலை பத்து மணிக்குக் கிளம்பி, ஒன்றில் சுவைத்து, அடுத்ததற்குப் பேசிக்கொண்டே நடந்து, ஆர்ட்பெக்கின் பழைய உலர்த்தும் சூளையை மாற்றி அமைத்த உணவகத்தில் சூடான சூப் குடித்துவிட்டு, மாலையில் டாக்சியில் திரும்பினோம். அன்றைக்கு நாங்கள் இருவரும் சுவைத்த கோப்பைகள் ஒன்றே, கேட்ட கதைகள் ஒன்றே, நனைந்த மழையும் ஒன்றே. பள்ளிக்கூடக் காலத்தில் பாளையங்கோட்டையிலிருந்து குறுக்குத்துறைக்கு ஒரே சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு வருவோம். அதற்குப் பிறகு இவ்வளவு நேரம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தது அன்றுதான்.

விஸ்கியைப் பற்றிச் சொல்கிறேன். தீவெங்கும் சதுப்பு நிலம். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாசியும் புல்லும் நீரில் அமிழ்ந்து முழுதும் மக்காமல் கிடக்கும் கறுப்பு மண்ணை வெட்டிக் காயவைத்து எரிக்கிறார்கள். பீட் என்று பெயர். தமிழில் முற்றா நிலக்கரி. மரம் அரிதான அந்தத் தீவில் நெடுங்காலம் அதுதான் எரிபொருளாக இருந்தது. முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்துவதால் புகை தானியத்துக்குள் ஏறி, வடித்த பிறகும் போகாமல் நிற்கிறது. லஃப்ராய்க்கிலும் போமோரிலும் ஒரு பகுதிப் பார்லியை இன்றும் தரையில் பரப்பி, கையால் கிளறி, தங்கள் சூளையிலேயே புகையூட்டுகிறார்கள். அந்தச் சூளையின் வாசலில் நண்பன் நின்றுவிட்டான். வழிகாட்டி அடுத்த அறைக்குப் போய்விட்டார். இவன் நகரவில்லை. "இது எங்கள் தாத்தாவின் விடிலி" என்றான்.

அவன் தாத்தா உடன்குடிப் பக்கம் பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரை, பனங்காட்டுக்குள் ஓலை வேய்ந்த விடிலியில் காய்ந்த ஓலையும் மட்டையும் எரித்துப் பாகாக்கிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். அந்தப் புகை ஓலைக் கூரையிலும் வேட்டியிலும் கருப்பட்டியிலும் ஏறியிருக்கும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே பதநீர் கள்ளாகிவிடும். அதை இறக்கி விற்க 1987 முதல் தமிழ்நாட்டில் தடை. ஐலாவில் பீட் வெட்டுகிறவரின் பேரன் பாட்டன் தொழிலைப் பெருமையாகச் சொல்லிப் பார்வையாளருக்கு ஊற்றிக் கொடுக்கிறான். நம் பனையேறியின் பேரன் அதைச் சொல்லத் தயங்கி மும்பையில் முப்பது ஆண்டு இருந்தான். நாங்கள் அன்று இரவு பேசியது முழுக்க இதைத்தான். ஐலாவை நான் முதலில் வைப்பதற்கு இந்த இரவும் ஒரு காரணம். அதை மறைக்க விரும்பவில்லை.

எல்லோருக்கும் இந்தப் புகை பிடிக்காது. உப்பும் அயோடினும் கலந்த அந்த மணம் முதல் முறை முகர்பவருக்கு மருத்துவமனைக் கட்டுத்துணியைத்தான் நினைவூட்டும். போவதற்கு முன் ஊரிலேயே ஒரு சிறு புட்டி வாங்கி முகர்ந்து பாருங்கள். பிடிக்கவே இல்லையென்றால் ஐலாவை மறந்துவிடலாம். புருயிக்லாடியிலும் புன்னஹாவெனிலும் புகையில்லாத விஸ்கியும் உண்டு என்றாலும், அதற்காக மட்டும் இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை.

மறைந்த செலவு இங்கே பணத்தைவிட நாள்தான். காற்று பலமாக அடித்தால் கப்பல் ஓடாது. திரும்பும் நாளுக்கும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழு நாளை கிளாஸ்கோவில் விட்டுவையுங்கள். எங்கள் கப்பல் ரத்தாகி, அந்த ஒரு நாள்தான் எங்களைக் காப்பாற்றியது. தீவில் அறைகள் குறைவு. மே கடைசி வாரத்தில் விஸ்கித் திருவிழா நடக்கும்போது கிடைக்கவே கிடைக்காது. டாக்சிகள் சில மட்டுமே, முன்தினமே சொல்லி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பாதீர்கள். போமோர், போர்ட் எலனிலிருந்து பதினேழு கிலோமீட்டர் அளவு. அதற்குக் கிழமை நாளில் பஸ் உண்டு. காரோடு கப்பலேற இடம் பிடிப்பதுதான் கஷ்டம். நடந்து ஏறுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. இன்னொன்று, தீவுச் சாலையில் எதிரே வரும் ஒவ்வொரு ஓட்டுநரும் உங்களைப் பார்த்துக் கையை உயர்த்துவார். தெரிந்தவர் என்று நினைத்துத் திகைக்க வேண்டாம், பதிலுக்கு நீங்களும் உயர்த்துங்கள்.

## அயர்லாந்து, ரயிலில்

முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், குளிரில் நடக்க விரும்பாதவர்களுக்கும், மாலையில் பாட்டும் கூட்டமும் வேண்டும் என்பவர்களுக்கும் இதைச் சொல்வேன். டப்ளினில் நகரத்துக்குள்ளேயே வடிசாலைகள் இருக்கின்றன. ரயிலில் கார்க் போய், அங்கிருந்து இன்னொரு ரயிலில் அரை மணிக்குள் மிடில்டன் போகலாம். 31,618 காலன் கொள்ளும் உலகின் மிகப் பெரிய செப்பு வடிகலம் அங்கே பழைய வடிசாலையில் நிற்கிறது. வடக்கே புஷ்மில்ஸ்: அந்தப் பகுதிக்கு 1608இலேயே வடிக்கும் உரிமம் கொடுக்கப்பட்டது. பக்கத்திலேயே ஏறக்குறைய நாற்பதாயிரம் கருங்கல் தூண்கள் கடலுக்குள் இறங்கும் ஜயண்ட்ஸ் காஸ்வே. பெல்ஃபாஸ்டிலிருந்து ரயிலும் பஸ்ஸுமாக நாங்கள் அங்கே போய்வந்தோம்.

ஐரிஷ் விஸ்கியைப் பெரும்பாலும் மூன்று முறை வடிப்பதால் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். அந்த மென்மையே அதில் கவனிக்க வேண்டியது. அளவு தெரியாமல் இறங்கிவிடும்.

விசாவில்தான் கண்ணி. வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது, பிரிட்டன் விசா போதும். டப்ளினும் கார்க்கும் வேறு நாடு. பிரிட்டன் விசாவில் பி.ஐ.வி.எஸ். என்ற குறி இருந்தால், முதலில் பிரிட்டனில் இறங்கிய பிறகு அதை வைத்தே அயர்லாந்துக் குடியரசுக்கும் போகலாம். இல்லையென்றால் தனி விசா. நிலத்தின் மேல் எல்லைக் காவல் எதுவும் கண்ணில் படாது. அதனால் தெரியாமல் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. அது சட்ட மீறல்.

## ஜப்பான், ரயிலில்

கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவில் யமசாகி. 1923இல் ஷின்ஜிரோ டோரி அங்கே ஜப்பானின் முதல் மால்ட் விஸ்கி (முளைகட்டிய பார்லியில் வடிப்பது) வடிசாலையைக் கட்டத் தொடங்கினார். நம் சீவலப்பேரி முக்கூடலைப் போல அங்கேயும் மூன்று ஆறுகள் கூடுகின்றன. அந்த ஈரமும் மூடுபனியும் பீப்பாய்க்கு நல்லது என்று இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. வடக்கே ஹொக்கைடோவில் யோய்ச்சி. ஸ்காட்லாந்தில் தொழில் கற்று, 1920இல் அந்நாட்டுப் பெண் ரீட்டாவை மணந்து திரும்பிய மசடாகா டாகெட்சுரு 1934இல் நிறுவியது. இன்றும் அங்கே வடிகலத்துக்குக் கரி அள்ளிப் போட்டுத்தான் நெருப்பு வைக்கிறார்கள்.

ஓட்டும் கவலை ஜப்பானில் அறவே இல்லை, ரயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். மீறி கார் எடுக்க நினைத்தால் நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கிப் போவது கட்டாயம். இரண்டு சங்கடங்கள். யமசாகி சுற்றுக்கு விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். விமான டிக்கெட் எடுத்த பிறகு பெயர் வராமல் போகலாம். அடுத்தது சைவம். காய்கறி மட்டும் போட்ட குழம்பு என்று தருவதிலும் அடியில் மீன் சாறு இருக்கும். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சின்ன ஊர் உணவகத்தில்கூட ஒரு சைவ சூப் எழுதியிருப்பார்கள்.

வடிசாலைகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. பத்து நாளில் மூன்று பார்த்தாலே அதிகம். விஸ்கி ஒரு பங்கு, கோயில்களும் தோட்டங்களும் மூன்று பங்கு என்று வீட்டாரையும் அழைத்துப் போகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு.

## ஒரே பார்வையில்

| இடம் | இருவரும் சேர்ந்து சுவைக்க வழி | விசா | வெளியே தெரியாத செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| ஸ்பேசைடு | காரில் என்றால் இல்லை; தங்கி நடந்தால் உண்டு | பிரிட்டன் | கார் காப்பீடு, கீறல், ஆட்டோமேட்டிக் வாடகை | புதிதாகச் சுவைப்பவர்; குடிக்காத ஓட்டுநர் உடன் வரும் குழு |
| ஐலா | முழுமையாக உண்டு | பிரிட்டன் | கப்பல் ரத்தானால் ஒரு நாள், தங்கும் அறை | இருவர் மட்டும். புகை மணத்தை விரும்புபவர் |
| அயர்லாந்து | ரயிலில் உண்டு | குடியரசுக்குத் தனி விசா அல்லது பி.ஐ.வி.எஸ். குறி | நகர விடுதி வாடகை | முழங்கால் வலி. பாட்டும் பேச்சும் விரும்புபவர் |
| ஜப்பான் | ரயிலில் உண்டு | ஜப்பான் | ஊர்விட்டு ஊர் ரயில் கட்டணம், குலுக்கல் ஏமாற்றம் | குடும்பத்தோடு போகிறவர் |

## எங்கே போனாலும் உள்ளவை

பிரிட்டன் விசாவுக்குக் கைரேகை பதிக்கச் சென்னை போன்ற ஒரு பெரிய நகரத்துக்கு ஒரு முறை போய்வர வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். விமானத்துக்கு நெல்லைக்காரர்களுக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் நல்லது. நாகர்கோவில் வழியாகக் காரில் போய், வளைகுடாவில் ஒரு முறை மாறி கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ இறங்கலாம். டூர் நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கினால் டி.சி.எஸ். என்று வரி முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம், ஆனால் அதுவரை கையில் அந்தப் பணம் இருக்க வேண்டும்.

பயணக் காப்பீட்டு விதிகளில் மது தொடர்பான விபத்துக்குப் பெரும்பாலும் இழப்பீடு இல்லை. சர்க்கரைக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு மது உள்ளே போன பிறகு சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். நண்பனின் மனைவி எனக்கு மதினி முறை. என்ன செய்யப்போகிறோம், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை என்று அவரிடம் இருவரும் உட்கார்ந்து சொல்லிவிட்டுத்தான் போனோம். வெறும் வயிற்றில் தொடவில்லை. ஒவ்வொரு கோப்பைக்கும் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர்.

திரும்பும்போது வரியின்றி ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவரலாம். விமான நிலையக் கடையில் கிடைப்பதை வடிசாலையில் வாங்காதீர்கள். அந்த வடிசாலையில் மட்டும் பீப்பாயிலிருந்து நாமே நிரப்பிக்கொள்ளும் புட்டி இருந்தால் அதை வாங்குங்கள்.

பணமும் துணிவும் இப்போதைக்குப் போதவில்லை என்றால் கோவாவின் குங்கோலிமில் உள்ள பால் ஜான் வடிசாலை நல்ல ஒத்திகை. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு சதவீத அளவு ஆவியாகிப் போகிறது. நம் வெயிலில் அது பல மடங்கு. அதனால் நம் நாட்டு விஸ்கி சில ஆண்டுகளிலேயே முதிர்ந்துவிடுகிறது. அங்கே அதைக் கேட்டுவிட்டு ஸ்காட்லாந்து போனால் கிடங்கின் குளிர் வேறுவிதமாகப் புரியும்.

## என் தேர்வும், ஒரு கடினமான கேள்வியும்

இருவர், பத்து நாள், வேறு யாரும் இல்லை என்றால் ஐலா. செப்டம்பர் முதல் பாதி: வெளிச்சம் இருக்கும், திருவிழாக் கூட்டம் இருக்காது, கடிக்கும் சிறு பூச்சிகளும் குறையத் தொடங்கியிருக்கும். கிளாஸ்கோவில் ஒரு இரவு, போர்ட் எலனில் நான்கு, போமோரில் ஒன்று, மறுபடி கிளாஸ்கோவில் இரண்டு. ஒரு நாளைக்கு இரண்டு வடிசாலைக்கு மேல் வேண்டாம். மூன்றையும் நடக்கும் நாள் மட்டும் விதிவிலக்கு: ஒன்றில் மட்டும் முழுச் சுவைப்பு, மற்ற இரண்டில் ஒற்றைக் கோப்பை. அறையை ஆறு மாதம் முன்பே பிடித்துவிடுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டுகளாகத் திட்டமிட்டிருந்தார்கள். இப்போது நண்பருக்கு மருத்துவர் மதுவை முற்றிலும் நிறுத்தச் சொல்லிவிட்டார். அவரை ஓட்டுநராக அழைத்துக்கொண்டு ஸ்பேசைடு போகலாமா என்கிறார். வேண்டாம். ஓட்டுவதற்கு ஆள் கிடைத்தது என்று ஒரு நிமிடம்கூட அவருக்குத் தோன்றக் கூடாது. அவருக்கு மனமிருந்தால் மட்டும், காரில்லாமல் ஸ்பேசைடு போங்கள். பீப்பாய்ப் பட்டறை, ஸ்பே ஆற்றில் சால்மன் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள், பழைய ரயில் பாதை நடை, புளிக்கும் தொட்டியின் மேல் எழும் ரொட்டி வாசனை: இவற்றில் எதற்கும் குடிக்க வேண்டியதில்லை. சுவைக்கும் அறையில் நீங்களும் கோப்பையை முகர்ந்துவிட்டு வைத்துவிடுங்கள். உங்கள் பங்கைக் குப்பியில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊருக்கு வந்து திறந்தாலும் கெட்டுப்போகாது.